கூச்சிச்சிங் ஏரிக்கரை வீடு



இந்த ஸ்காபரோவிலிருந்து 400-ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, பாரி தாண்டி 11-ஐப் பிடித்தால் ஒன்றரை, ரெண்டு மணித்தியாலத்தில் ஒரிலியா. நகைச்சுவை எழுத்தாளர் ஸ்டீபன் லீக்கொக் 1928-இல் கட்டின கோடைகால வீடு அங்கேதான் இருக்கிறது. விறாந்தையில் நின்றால் புல்வெளி இறங்கிப் போய் ஏரியில் முடியும். மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர் விடியமுன்னம் எழும்பி எழுதின இடம்!

அவருடைய கப்பல் கதை தெரியுமோ? ஊர்ச்சனம் ஏறிப்போன உல்லாசக் கப்பல் ஏரியில் தாழுது. காப்பாற்றக் கரையிலிருந்து படகு வருது. வந்த படகே தாழ, தாழுகிற கப்பல்காரர் படகுக்காரரைத் தூக்கி எடுக்கினம்! தண்ணியோ ஆறடிகூட இல்லை! தட்டுங்கோ, நல்லாத் தட்டுங்கோ, அந்தக் கைதட்டல் அவருக்கு!

1912-இல் வந்தது அந்தக் கதை உள்ள நூல். ஊருக்கு மரிப்போசா என்று பேர் வைத்தார். ஆனால் அது ஒரிலியாதான் என்று ஒரிலியாக்காரருக்குத் தெரியும். தங்களை வைத்துச் சிரித்த மனுசனின் வீட்டைத்தான் அந்த ஊர் காப்பாற்றியது! 1944-இல் அவர் கண்மூட, வீடு பாழாய்ப் போனது. வானொலியில் வேலை செய்த ஒரு இளைஞர், நகரசபை உறுப்பினர், விடவில்லை. விடாமல் நின்றார். 1957-இல் நகரமே வீட்டை வாங்கியது. அடுத்த ஆண்டு அருங்காட்சியகம்!

நகைச்சுவையும் ஒரு இலக்கியமோ என்று மேடை மேடையாய்க் கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஐயாமாரே, லீக்கொக் 1906-இல் அரசியல் விஞ்ஞானப் பாடநூல் எழுதினவர். நல்லா விற்ற நூல். அந்தப் பாடநூலைத் தேடியா இன்றைக்குச் சனம் ஒரிலியா போகுது? 1947 முதல் அவர் பேரில் பதக்கம் கொடுக்கிறார்களே, எதற்கு? நகைச்சுவை நூலுக்கு!

எங்களுக்கும் ஒரு மனுசன் இருந்தார். சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழ் நடத்திய சுந்தர். யாழ்ப்பாணத்தைச் சிரிக்க வைத்தவர், யாழ்ப்பாணத்தைப் பார்த்தும் சிரித்தவர். அவருக்கு எங்கே விறாந்தை? எங்கே பதக்கம்? சண்டைக்குள்ளும் இடப்பெயர்வுக்குள்ளும் எத்தனை வீட்டு அலுமாரியோடு அந்த இதழ்கள் போயிருக்கும்! அந்த ஒரிலியா இளைஞரை நினைத்து நினைத்துத்தான் கேட்கிறேன்: அப்படி ஒருவர் இந்த மண்டபத்தில் இல்லையா?

வீடு வாங்கச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் சிரித்திரன் ஒரு இதழ் இருந்தாலும் போதும், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஸ்கான் பண்ண நூலகம் நிறுவனத்திடம் கொடுங்கள். இந்தக் கிழமையே கொடுங்கள்!