கிட்டார் பெட்டியும் நம் காதும்

(சங்கக் கூட்ட அறையில் ஞாயிறு மாலை நடந்த உறுப்பினர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது முதலில் தயங்கினேன். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் லெட்ஜர் எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகுதான் கிட்டாரைக் கையில் எடுத்தேன். ஆனால் நம் இரண்டு பிளாக்கிலும் இப்போது நான்கைந்து பிள்ளைகள் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறார்கள். மூன்று வீடுகளில் 'மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸர்' என்கிற பெட்டியும் வந்துவிட்டது. அதைப் பற்றி லிஃப்டிலும் வாசலிலும் பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு நான் மூன்று தவறுகள் செய்திருக்கிறேன். இங்கே பேச எனக்கிருக்கும் தகுதி அதுதான்.

பெட்டி என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பி அதிர்வதை, அதன் அடியில் இருக்கும் பிக்கப் என்கிற காந்தச் சுருள் மிக மெல்லிய மின்சாரமாக மாற்றுகிறது. முன்பெல்லாம் கரகரப்புக்கு ஒரு பெடல், எதிரொலிக்கு ஒரு பெடல், மண்டபத்தில் கேட்பது போன்ற முழக்கத்துக்கு ஒரு பெடல் என்று தனித்தனியாக வாங்கித் தரையில் வரிசையாக அடுக்குவார்கள். இந்தப் பெட்டி அத்தனையையும் ஒன்றாக அடக்கியிருக்கிறது. பெரிய ஆம்ப்ளிஃபயரின் ஓசையையும் அப்படியே பாவனை செய்து ஹெட்ஃபோனில் கொடுக்கும். ஒவ்வொரு ஓசை அமைப்புக்கும் 'பேட்ச்' என்று பெயர். காலால் ஒரு சுவிட்சை மிதித்தால் அடுத்த பேட்ச் வரும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. ஒலி மாசு பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. நாம் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதே சுமார் 60 டெசிபல் வரும். சின்ன ஆம்ப்ளிஃபயரைக்கூடக் கொஞ்சம் திருகினால் 90-ஐத் தொட்டுவிடும். ஹெட்ஃபோனில் வாசித்தால் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போகாத அந்தச் சத்தம் முழுவதும் வாசிப்பவரின் காதுக்குள் போகிறது. இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் தவறு அடாப்டர்.

என் முதல் பெட்டி பேட்டரியில் ஓடியது. ஒருநாள் இரவு பேட்டரி தீர்ந்துவிட்டது. மேசை இழுப்பறையில் பழைய வைஃபை ரௌட்டரின் அடாப்டர் கிடந்தது. எடுத்துச் செருகினேன். கச்சிதமாக நுழைந்தது. நுழைகிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து சுவிட்சைப் போட்டேன். ஒரு கருகல் வாடை வந்தது, அவ்வளவுதான். ஒன்பதாயிரம் ரூபாய்ப் பெட்டி போயிற்று. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து, போர்டே போய்விட்டது என்று கையை விரித்தார். தப்பு பெட்டியிலும் இல்லை, அடாப்டரிலும் இல்லை. என்னுடையது.

காசோலை கவுன்டருக்கு வந்தால் தேதி, தொகை, கையெழுத்து மூன்றையும் பார்ப்போம். ஒன்று தவறினாலும் திருப்பி அனுப்புவோம். அடாப்டரிலும் அப்படி மூன்று இருக்கின்றன.

ஒன்று, வோல்ட். பெட்டியில் 9 வோல்ட் என்று போட்டிருந்தால் அடாப்டரும் 9 வோல்ட்தான் இருக்க வேண்டும். ரௌட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட். டிசியா ஏசியா என்றும் பாருங்கள். இன்றைய பெட்டிகள் பெரும்பாலும் டிசி. செகண்ட் ஹேண்டில் வாங்கும் பழைய மாடல்கள் சிலவற்றுக்கு ஏசி 9 வோல்ட் வேண்டும்.

இரண்டு, முனை. அடாப்டரின் லேபிளில் ஒரு சின்னப் படம் இருக்கும். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி முழுதாக மூடாத ஒரு வட்டம், இரண்டு பக்கமும் + என்றும் − என்றும் குறிகள். நடுப்புள்ளியிலிருந்து கிளம்பும் கோடு எந்தக் குறியில் போய் முடிகிறதோ, அதுதான் பிளக்கின் உள்முனை. கிட்டார் பெட்டிகளில் பெரும்பாலும் உள்முனை மைனஸ். ரௌட்டர் போன்ற வீட்டுச் சாமான்களில் பெரும்பாலும் பிளஸ். பிளக் ஒரே அளவில் இருப்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பெட்டியின் பின்புறத்திலும் இதே படம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

மூன்று, மில்லி ஆம்பியர். பெட்டிக்கு 500 தேவை என்றால் அடாப்டர் 500-ஓ அதற்கு மேலோ இருக்கலாம். 1000 இருந்தாலும் கெடுதல் இல்லை, பெட்டி தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். 300 இருந்தால் போதாது. வோல்ட்டிலும் முனையிலும் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பேட்டரியில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சில பெட்டிகளுக்கு ஆன், ஆஃப் சுவிட்சே கிடையாது. கிட்டார் கேபிளைச் செருகினால் ஆன், பிடுங்கினால் ஆஃப். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்காவிட்டால் காலையில் பேட்டரி காலி. பரீட்சைக் காலத்தில் மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். கசிந்தால் உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும்.

இனி இணைக்கும் முறை. கிட்டாரிலிருந்து வரும் கேபிள் 'இன்புட்' துளைக்கு. ஹெட்ஃபோன் 'ஃபோன்ஸ்' துளைக்கு. ஆம்ப்ளிஃபயர் இருந்தால் 'அவுட்புட்' துளையிலிருந்து அதன் கிட்டார் இன்புட்டுக்கு. ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் துளையிலிருந்து எந்தக் கேபிளையும் பெட்டிக்குக் கொண்டுவரக் கூடாது. அது ஸ்பீக்கரை ஓட்டுகிற பலம். பெட்டி தாங்காது.

எல்லா வால்யூமும் பூஜ்யத்தில் இருக்கும்போதே எல்லாக் கேபிளையும் செருகிவிடுங்கள். பிறகு பெட்டியை ஆன் செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில், பெட்டி பிறகு. கடைசியில் வருவது முதலில் போக வேண்டும். மாற்றிச் செய்தால் 'டொப்' என்று ஓர் அடி ஸ்பீக்கரில் விழும். நம் வளாகத்தில் கரன்ட் போய் ஜெனரேட்டர் வரும்போதும் இதே கதைதான். கரன்ட் போனவுடன் இரண்டையும் அணைத்துவிடுங்கள், நிலையாக வந்த பிறகு போடுங்கள். பெட்டியின் மென்பொருளைக் கம்ப்யூட்டர் வழியாகப் புதுப்பிக்கும்போது பாதியில் கரன்ட் போனால் பெட்டி எழுந்திருக்காமலே போகலாம். சேர்த்துவைத்த பேட்ச்களை முதலில் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பிறகு அந்த வேலையைத் தொடங்குங்கள்.

ஓசை நன்றாக இல்லை, பெட்டி மோசம் என்று சில பிள்ளைகள் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஓர் அமைப்புதான் காரணம். ஹெட்ஃபோனில் கேட்கும்போது ஸ்பீக்கர் பெட்டியைப் பாவனை செய்யும் 'கேபினெட்' வசதி ஆனில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈ பறப்பதுபோல் கொரகொரக்கும். கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் கேட்கும்போது அது ஆஃபில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் அமுங்கிவிடும்.

இரண்டாவது தவறுக்கு வருகிறேன். இதற்கு நான் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஓர் இரவு மெல்லிய ஓசையுள்ள ஒரு பேட்ச்சில் வாசித்துக்கொண்டிருந்தேன். போதவில்லை என்று ஹெட்ஃபோன் வால்யூமை ஏற்றினேன். பிறகு காலால் அடுத்த பேட்ச்சுக்கு மாற்றினேன். அது முழுக் கரகரப்பு. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய அளவிலேயே இருந்தது. காதில் அறை விழுந்த மாதிரி இருந்தது. ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தேன். மறுநாள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இடது காதில் அன்று தொடங்கிய மெல்லிய விசில், வீடு அடங்கிய பிறகு இன்றும் கேட்கிறது. உள்காதில் இருக்கிற நுண்ணிய மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி வளராது என்று காது டாக்டர் சொன்னார். பெட்டி போனபோது வேறு பெட்டி வாங்கினேன். இதற்கு அப்படி ஒரு வழி இல்லை.

'தி ஹூ' குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட், மேடையில் பெருஞ்சத்தத்துக்குப் பேர் போனவர். தன் காது கெட்டதற்கு மேடையைவிட ஸ்டூடியோவில் போட்ட ஹெட்ஃபோன்தான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம்தான். 100 என்றால் வாரம் முழுவதற்கும் 20 நிமிடம்.

ஆகவே பெற்றோர்களே, இதை மட்டும் பழக்கிவிடுங்கள். ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஒரு முறை மீட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிய பிறகுதான் காதில் வைக்க வேண்டும். பெட்டி வாங்கிய முதல் நாளே பேட்ச்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இருப்பதிலேயே சத்தமானதை முதலில் குறைத்து, மற்றவற்றை அதற்குச் சமமாக்கிச் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தனி 'லெவல்' இருக்கிறது. தெரியாத பேட்ச்சைத் தேடும்போது ஹெட்ஃபோன் காதில் இருக்கக் கூடாது. கை நீட்டும் தூரத்தில் நின்று அம்மா கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். விழவில்லை என்றால் சத்தம் அதிகம்.

மூன்றாவது தவறு சிரிப்புக்குரியது. ஹெட்ஃபோன்தானே என்று இரவு பதினொரு மணிக்கு வாசித்தேன். கீழ்வீட்டு அம்மா மறுநாள் படிக்கட்டில் நிறுத்தி, "சார், ராத்திரியில் என்ன இடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் சுவிட்சை மிதிப்பதும் காலால் தாளம் போடுவதும் அவர் படுக்கையறைக் கூரையில் இறங்கியிருக்கின்றன. எனக்குக் கிட்டார் கேட்டது, அவருக்குக் கால் கேட்டது. இப்போது பெட்டிக்கும் காலுக்கும் அடியில் தடித்த ரப்பர் மேட். பத்து மணிக்கு மேல் கையாலேயே சுவிட்சை அழுத்துகிறேன். ஆம்ப்ளிஃபயரையும் வெறுந்தரையில் வைக்காமல் ஸ்டூலில் வையுங்கள். தாழ்ந்த ஓசை காற்றைவிடச் சுவர் வழியாகத்தான் அதிகம் போகும்.

கடைசியாக, நான் செய்யாத, யாரும் செய்யக் கூடாத ஒரு தவறு. ஆம்ப்ளிஃபயரில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். கம்பியைத் தொட்டால் குறையும். கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்திருப்பதுதான் காரணம். இரைச்சலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் முள்ளை ஒடிப்பவர்களும், இரண்டு முள் கன்வர்ட்டர் போடுபவர்களும் இருக்கிறார்கள். எர்த் இல்லாமல் உள்ளே கசிவு ஏற்பட்டால், அதே கேபிள் வழியாக மின்சாரம் கம்பிக்கு வரும், கம்பியிலிருந்து கைக்கு வரும். 1972-ல் பிரிட்டனில் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 1976-ல் 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் தன் வீட்டிலேயே கிட்டாரோடு மின்சாரம் தாக்கி இறந்தார். இருவரும் அனுபவசாலிகள்.

கம்பியில் சின்னச் சுருக்கென்று இருந்தால்கூட உடனே நிறுத்துங்கள். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை, வீட்டில் சொல்லிவிட்டு, ஒருமுறை அழுத்துங்கள். கரன்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்தான், மாற்றிவிடுங்கள். இது கிட்டார் இல்லாத வீட்டுக்கும் பொருந்தும்.

பிள்ளைகள் வாசிக்கட்டும். நாம் தடுக்க வேண்டாம். அடாப்டரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், செருகுவதற்கு முன் என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். என்னிடம் ஒரு பூதக்கண்ணாடி இருக்கிறது, அந்தச் சின்னப் படத்தைச் சேர்ந்தே பார்க்கலாம். மேட் வாங்கும்வரை ஒரு வாரம் பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டு அம்மாவுக்கு நன்றி.