இணைய நட்பும் நல்லினமும்
(தசலட்சணப் பெருவிழாவில் ஆற்றிய உரை)



முன்பு நட்பு ஊரால் அமைந்தது. ஒரே தெருவில் வாழ்ந்தோரும், ஒரே ஜினாலயத்தில் வணங்கியோரும் நண்பராயினர். 2004ஆம் ஆண்டில் தோன்றிய ஃபேஸ்புக்கும் தொடக்கத்தில் ஒரு கல்லூரியின் மாணவர்களையே இணைத்தது. இன்றோ ஊரும் முகமும் அறியாதோர், விருப்பம் ஒன்றாயிருப்பதனாலேயே நண்பராகின்றனர். இது குறையன்று. தொழிலின் பொருட்டு வந்தவாசியையும் ஆரணியையும் செஞ்சியையும் விட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் வாழும் நம் பிள்ளைகளின் தனிமையை இத்தோழமை போக்குகிறது.

ஆயினும், நம்மைப் போன்றோரை நாம் தேர்ந்துகொள்கிறோம் என்பது பாதி உண்மையே. தேர்ந்துகொண்டோரைப் போல நாம் ஆகிவிடுகிறோம் என்பது மறுபாதி. சமண முனிவர்கள் அருளிய நாலடியாரில் 'நட்பாராய்தல்', 'நல்லினம் சேர்தல்' என்னும் இரண்டு அதிகாரங்களும் உள்ளன. தேர்வும் வேண்டும், சேர்க்கையின் விளைவை அறிதலும் வேண்டும்.

இணையத்து நண்பரை எவ்வாறு ஆராய்வது? நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் இரண்டை அளவுகோலாகக் கொள்ளலாம்.

ஒன்று, உபகூகனம். அறவழியில் நிற்பவர் தவறியவிடத்து, அக்குறையைப் பரப்பாது மறைத்தல். நம்பிச் சொன்ன சொல்லைப் படமெடுத்து நூறு பேருக்கு அனுப்புபவர், எத்தனை விருப்பங்களில் ஒத்திருப்பினும் நண்பராகார்.

மற்றொன்று, ஸ்திதிகரணம். தளர்ந்தாரை நெறியில் நிலைநிறுத்தல். புகைப்படக் கலையில் ஈடுபாடுடைய மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் இரவு உண்ணா நோன்பினன். இணையத்தில் அறிமுகமான குழுவினர் இரவு விருந்துக்கு அழைக்கின்றனர். "ஒருநாள்தானே, உண்டால் என்ன?" என்பவருக்கும் அவனுக்கும் விருப்பம் ஒன்று, அவ்வளவே. அவன் பொருட்டு விருந்தைப் பொழுது சாயுமுன் வைத்துக்கொள்பவர், சமணரல்லராயினும் அவனுக்கு நல்லினமே.

எண்ணிக்கையில் சிறிய நம் சமுதாயத்தில், வெளியூரில் வாழும் ஒருவர் தம் நோன்பைத் துணையின்றித் தனியே காப்பது அரிது. ஆகவே இளைஞர்களே, விருப்பத்தால் கூடுங்கள், ஒழுக்கத்தால் ஆராயுங்கள். உங்கள் குழுவில் ஒருவர் தளரும்போது நகைப்போருடன் சேராது, தனியே அழைத்து ஆறுதல் கூறுங்கள். நல்ல நண்பரைத் தேடுவது போலவே நல்ல நண்பராய் இருத்தலும் கடமையன்றோ?

பெற்றோர்களே, கைப்பேசியைப் பறிப்பதால் நல்லினம் அமைந்துவிடாது. "யாருடன் பேசினாய்?" என்று வினவுவதோடு நில்லாமல், "அவருடன் பழகியபின் உன் மனம் உறுதி பெற்றதா, தளர்ந்ததா?" என்று அன்போடு கேளுங்கள். அவ்வினாவுக்கு அஞ்சாது விடையளிக்கும் இடமாக நம் இல்லம் இருக்குமாயின், பிள்ளைகளின் முதல் நல்லினம் நாமே ஆவோம்.

வளர்க ஜினதருமம்!