தசைக்குள் ஒரு கயிறு



நான்கைந்து வயதுப் பையன் அடிக்கடி இடறி விழுகிறான், படியேறத் திணறுகிறான், தரையிலிருந்து எழும்போது கைகளை முழங்காலிலும் தொடையிலும் ஊன்றி எழுகிறான். கெண்டைக்கால் மட்டும் பருத்து, பலசாலியின் கால்போல் இருக்கிறது. நாம் அவனைச் சோம்பேறி என்று அதட்டுகிறோம். ஆனால், இவை டுஷேன் தசைச் சிதைவு என்னும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்.

பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1860-களில் இந்நோயை விரிவாக எழுதினார். காரணமான புரதம் 1987-இல்தான் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. லூயி குங்கெல் என்பவரின் குழுவினர் அதற்கு டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டனர். தசைப் புரதத்தில் இது ஒரு லட்சத்தில் ஏறத்தாழ இரண்டு பங்குதான். ஆனால் இதன் வேலை பெரிது.

அத்தாப்புக் கூரையைத் தூணோடு கயிற்றால் கட்டுகிறோம் அல்லவா? கயிறு இல்லையென்றால் ஒவ்வொரு காற்றுக்கும் கூரை பிய்ந்துபோகும். தசை உயிரணுவின் உள்ளே நார்களாலான சட்டம் உண்டு. வெளியே மெல்லிய சவ்வு உண்டு. இரண்டையும் பிணைக்கும் கயிறே டிஸ்ட்ரோபின். அது இல்லாவிட்டால், தசை சுருங்கி விரியும்போதெல்லாம் சவ்வு கிழிகிறது, சுண்ணாம்புச் சத்து அளவுமீறி உள்ளே புகுகிறது, உயிரணு மடிகிறது. அந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் நிறைகின்றன. பருத்த கெண்டைக்காலின் இரகசியம் இதுதான். நாளடைவில் பிள்ளை நடக்க இயலாமற்போகிறான். இதயமும் மூச்சுத் தசைகளும் தளர்கின்றன.

இந்தப் புரதத்திற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்றே. ஆகவே நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே தாக்குகிறது. "தாய்தான் காரணம்" என்று பழிப்பது அறியாமை. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளிடம் இக்குறை புதிதாகவே தோன்றுகிறது. தாய்வழி வந்தாலும் அது அவள் செய்த குற்றமன்று. சாபமுமன்று, தொற்றுநோயுமன்று.

முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் ஸ்டீராய்டு மருந்து தளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. உடற்பயிற்சிச் சிகிச்சை மூட்டுகள் இறுகாமல் காக்கிறது. இதயத்தையும் மூச்சையும் தவறாமல் கவனித்தால் ஆயுள் நீள்கிறது. எளிய இரத்தப் பரிசோதனையே முதல் தடயத்தைத் தந்துவிடும். நாட்டு வைத்தியத்திலும் மந்திரிப்பதிலும் காலத்தைக் கடத்தாமல் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். சக்கர நாற்காலியில் வந்தாலும் அவன் பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளையே.

விழுந்த பையனை அதட்டுமுன், அவன் எப்படி எழுகிறான் என்று பார்ப்போம்.