நொதி எங்கே இருக்கிறது?



நான் டாக்டர் இல்லை. கட்டுப்பாட்டுக் கருவிகளோடு மல்லுக்கட்டும் பொறியாளன். வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் உலையில் வெப்ப உணர்கருவியைக் கதவுக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டு, கருவி கெட்டுப்போச்சு என்று இரண்டு நாள் அலைந்தேன். கருவி நல்லாத்தான் இருந்தது. இருந்த இடம்தான் தப்பு. மூளையைப் பற்றிப் படித்தபோது அந்த உலை நினைவுக்கு வந்தது.

நம்ம வீட்டு மொட்டைமாடித் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரம்பியது மேலே நிற்பவருக்குத்தான் தெரியும். மோட்டார் சுவிட்சோ கீழே. அவர்தான் "போதும், நிறுத்துங்க!" என்று குரல் கொடுக்க வேண்டும்.

மூளையிலும் இதே கதைதான். ஒரு நரம்பணு அனுப்ப, அடுத்தது வாங்கிக்கொள்ளும் என்று பள்ளியில் படித்தோம். வாங்கும் அணுவும் திருப்பிக் குரல் கொடுக்கும் என்று 2001-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் காட்டின. அந்தக் குரல் ஒரு கொழுப்புப் பொருள். பெரும்பாலும் 2-ஏஜி என்பது. அதைத் தயாரிக்கும் நொதிக்கு டிஜிஎல்-ஆல்ஃபா என்று பெயர்.

அந்த நொதி எங்கே இருக்கிறது? ஹிப்போகாம்பஸ் பகுதியில் 2006-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடினார்கள். செய்தியை வாங்கும் அணுவின் முள் போன்ற சிறு புடைப்புகளில் அது இருந்தது. 2-ஏஜியைக் கேட்கும் சிபி1 ஏற்பியும், வேலை முடிந்ததும் அதைச் சிதைக்கும் எம்ஜிஎல் நொதியும் எதிர்ப்பக்கம், அனுப்பும் அணுவின் நுனியில் இருக்கின்றன. குரல் மேலே, கேட்பதும் அழிப்பதும் கீழே. யார் யாருக்குச் சொல்கிறார் என்பதை இந்த இருப்பிடங்களே காட்டிக்கொடுத்துவிட்டன.

இன்னொரு வியப்பு. கருவில் வளரும் மூளையில் இதே வகை நொதி, செய்தி அனுப்பும் நீண்ட இழையான ஆக்ஸானில் இருக்கிறது. அந்த இழை வளர உதவுகிறது. வளர்ந்த மூளையில் வாங்கும் பக்கத்துக்கு வந்து பிரேக் வேலை பார்க்கிறது. இடம் மாறியது, உத்தியோகமும் மாறியது!

இது வெறும் வேடிக்கை இல்லை. முன்மூளையின் தூண்டும் அணுக்களில் சிபி1 இல்லாத எலிகளுக்கு, வலிப்பூட்டும் மருந்து கொடுத்தபோது வலிப்பு கடுமையாக வந்ததென்று 2003-இல் கண்டார்கள். வலிப்பு நோயாளிகளிடம் அறுவை சிகிச்சையில் எடுத்த ஹிப்போகாம்பஸ் திசுவில், டிஜிஎல்-ஆல்ஃபாவுக்கும் சிபி1-க்கும் உரிய ஆர்.என்.ஏ. குறைந்திருந்ததென்று 2008-இல் ஓர் ஆய்வு கூறியது. "போதும்" என்று சொல்பவரும் கேட்பவரும் குறைந்தால் தொட்டி வழியத்தானே செய்யும்?

தம்பி தங்கைகளே, எந்த அமைப்பைப் பார்த்தாலும் உறுப்புகளின் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதற்கு இரண்டு நாள் ஆச்சு. உங்களுக்கு ஆக வேண்டாம்.