மின்னலெனத் தாக்கும் தலைவலி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலைவலி என்றதும் நம் இல்லங்களில் முதலில் தேடப்படுவது தைலக் குப்பி. அமிர்தாஞ்சனம், அன்று பம்பாய் எனப்பட்ட இம்மாநகரில் 1893 ஆம் ஆண்டில் காசீநாதுனி நாகேசுவர ராவ் பந்துலுவால் தொடங்கப்பெற்றுப் பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்தது; நாமோ எதிர்த் திசையில் வந்தவர்கள்! தைலத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அதனைத் தடவிப் படுத்துவிடலாகாத வலி ஒன்று உண்டு. அதனை அறிவிக்கவே வந்தோம்.

திடீரென வரும் வலியெல்லாம் கொடியதன்று. கண்ணருகிலோ பொட்டிலோ ஊசி குத்தியதுபோல் ஓரிரு நொடி வலித்து மறைவதுண்டு. ஒற்றைத் தலைவலி உடையோர்க்கு இது மிகுதி, பெரும்பாலும் தீங்கற்றது. குல்ஃபியை அவசரமாக விழுங்கும் குழந்தை நெற்றியைப் பிடித்துக்கொள்வதும் அண்ணம் சட்டெனக் குளிர்வதால்தான். கன்னத்திலும் தாடையிலும் மின்சாரம் பாய்ந்தாற்போல் வலிப்பது முகநரம்பு வலி. பல் துலக்கினாலும், சவரம் செய்தாலும், காற்றுப் பட்டாலும் அது கிளம்பும். பல்வலியென மயங்கி நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டோரும் உளர்.

ஐம்பது வயதைக் கடந்தோர்க்குப் புதிதாகப் பொட்டில் வலி தோன்றி, மெல்லும்போது தாடையும் நொந்தால், அங்குள்ள இரத்தக் குழாயின் அழற்சியாகலாம். கண் சிவந்து நொந்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால், கண்ணினுள் அழுத்தம் ஏறியிருக்கலாம். இவ்விரண்டிலும் தாமதித்தால் பார்வை போய்விடக்கூடும்.

இனி, நாம் அஞ்சும் வலிக்கு வருவோம். நம் காலனியில் ஓர் அம்மாள் மாலையில் இட்லி மாவை வழித்துக்கொண்டிருந்தார். பிடரியில் யாரோ ஓங்கி அடித்தாற்போல் இருந்ததாம். ஒரு நிமிடத்திற்குள் வலி உச்சத்தை எட்டியது, வாந்தியும் வந்தது. வீட்டார், “பித்தம்” என்று சுக்குக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்தனர். மறுநாள் வலி சற்றுத் தணியவே, அனைவரும் ஆறுதல் கொண்டனர். அவ்வாறுதலே ஏமாற்று! மாலையில் தற்செயலாக அங்குச் சென்ற நாம், குனிய முடியாதபடி அவர் கழுத்து விறைத்திருக்கக் கண்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

நிகழ்ந்தது யாதெனின், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயொன்றில் கொப்புளம்போல் புடைத்திருந்த இடம் வெடித்து, மூளையைப் போர்த்திய சவ்வுகளிடையே குருதி கசிந்திருந்தது. இத்தகைய முதற் கசிவு தானே அடைபட்டு வலி குறைவதுண்டு. ஆயினும், முதல் 24 மணி நேரத்திலேயே மீண்டும் வெடிக்கும் அபாயம் மிகுதி. இரண்டாம் வெடிப்பில் பிழைப்போர் குறைவு. தொடையின் இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்திப் பிளாட்டினச் சுருளால் அப்புடைப்பை அடைத்தனர். அம்மாள் பிழைத்தார். இதனைச் சொல்ல இசைவு தந்தவரும் அவரே.

இப்படி வரும் வலி அனைத்தும் கசிவே என்பதில்லை. மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கினாலும், இரத்த அழுத்தம் திடீரென எகிறினாலும், பிரசவத்திற்குப்பின் மூளையின் சிரையில் இரத்தம் உறைந்தாலும் வரலாம். வீட்டிலிருந்தபடி இவற்றைப் பிரித்தறிய நம்மாலும் இயலாது. படம் எடுத்தே காண வேண்டும். வாழ்நாளில் கண்டிராத வலி கண நேரத்தில் உச்சம் எட்டினாலோ, அதனுடன் மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் சோர்தல் நேர்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திராதீர். ஆஸ்பிரின் கொடாதீர், கசிவு இருப்பின் அது குருதி உறைவதைத் தடுக்கும். 108 என்ற எண்ணை அழைத்தால் இரவிலும் வண்டி வரும்.

புறப்படுமுன் வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் 6 மணி நேரத்திற்குள் எடுக்கும் சி.டி. படத்தில் கசிவு பெரும்பாலும் தப்பாது தெரிந்துவிடும். நேரம் கடந்தால் முதுகுத் தண்டில் ஊசியிட்டு நீரெடுத்துப் பார்க்கவும் நேரிடும். ஆகவே, மருத்துவர் முதலில் கேட்பது, “எத்தனை மணிக்கு?” என்பதுதான்.