சொந்தத் திண்ணையே சுகம்!

நடுவர் அவர்களே! எதிரணி அம்மா கேட்டாங்க: "எல்லாரும் கூடுற இடத்தை விட்டுட்டு, தனியா இணையதளம் வெச்சு யார்கிட்டய்யா பேசுவீங்க?" அம்மா, 2004-ல் வந்த ஆர்குட்டை 2014-ல் மூடினாங்க. கூகுள் பிளஸ்ஸை 2019-ல் மூடினாங்க. அங்கே பேசின பேச்செல்லாம் எங்கே? கல்யாண மண்டபத்துல விருந்து பிரமாதம்தான். சாவி நம்மகிட்ட இல்லையே!

நீங்க உங்க தளத்துல எழுதுங்க. நான் என் தளத்துல பதில் எழுதி, உங்க பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கிறேன். அந்தச் சேதியை உங்க தளத்துக்குத் தானாகவே சொல்ல 'வெப்மென்ஷன்' என்ற முறையே இருக்கு. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017-ல் பரிந்துரைத்தது. ரெண்டு தளமும் அதை ஏற்கணும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு: தன் பேர் போட்ட வாசல்ல நின்னு பேசினா, வார்த்தை கொஞ்சம் அளந்துதான் வரும்! ஆகவே, கூடிக் கலைய மண்டபம் போதும். உரையாடல் நிலைக்கச் சொந்தத் திண்ணையே வேண்டும் என்று கூறி அமர்கிறேன்.