கப்பல் எப்போது புறப்படும்?



பெருநகரத்தில் ஒரு பேருந்து தாமதமானால் அடுத்த பேருந்து உண்டு. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பலருக்கு அந்த வசதி இல்லை. 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், மரைன் ஹில் மேட்டில் வசிப்பவர் கீழே விரியும் கடலைப் பார்த்தே கப்பல்களின் போக்குவரத்தை ஓரளவு அறிந்துகொள்ளலாம். லிட்டில் அந்தமானின் ஹட் பே துறையில், தலைநகர மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நோயாளியுடன் காத்திருப்பவரின் நிலை வேறு. பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் பயணம் மணிக்கணக்கில் தள்ளிப்போகும். சில நாட்களில் ரத்தும் ஆகும். அச்செய்தி வீட்டை விட்டுப் புறப்படுமுன் கிடைப்பது அவருக்குச் சலுகையன்று, தேவை.

இத்தேவையை நிறைவேற்ற வல்லது 'பாட்' எனப்படும் தானியங்கு நிரல். அதன் வேலை எளியது. கால அட்டவணை நேரத்தையும் உண்மையான புறப்பாட்டு நேரத்தையும் அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒப்பிடுகிறது. வேறுபாடு குறித்த அளவைத் தாண்டினால் சமூக ஊடகத்தில் அறிவிப்பு வெளியிடுகிறது. அதே செய்தி மீண்டும் மீண்டும் வராதபடி, கடைசியாகச் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்கிறது. கால அட்டவணைகளைக் கணினிக்குப் புரியும்படி எழுதும் பொது வடிவத்தை 2005ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் இணைந்து உருவாக்கின. வாக்கிய அமைப்பு மாறாததால் கப்பலின் பெயர், துறை, நேரம், காரணம் ஆகியவற்றை மட்டும் நிரப்பி, இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி மொழிகளில் ஒரே வேளையில் அறிவிக்கலாம்.

ஆயினும் இங்கு ஓர் ஆபத்து உண்டு. தகவல் வருவது நின்றுபோனால் நிரலும் மௌனமாகிவிடும். அந்த மௌனத்தைக் கப்பல் நேரத்துக்குப் புறப்படுகிறது என்றே மக்கள் எடுத்துக்கொள்வர். ஆகவே, 'தற்போது தகவல் கிடைக்கவில்லை' என்று சொல்லவும் நிரலுக்குக் கற்பிக்க வேண்டும்.

செய்தி செல்லும் வழியும் ஒன்றாக மட்டும் இருத்தல் கூடாது. 2023 ஏப்ரலில் நியூயார்க் நகரப் போக்குவரத்து ஆணையம், டுவிட்டரின் புதிய கட்டண முறை காரணமாக, அதில் உடனடிச் சேவை அறிவிப்புகளை வெளியிடுவதை நிறுத்தியது. அடுத்த மாதம் பொதுச் சேவை நிறுவனங்களுக்கு இலவச அனுமதி அளிக்கப்பட்ட பின்னரே நிலைமை சீரடைந்தது. ஒரு தனியார் நிறுவனத்தின் முடிவு பல இலட்சம் பயணிகளைத் தொட்டதற்கு இது சான்று. எனவே சமூக ஊடகத்துடன் குறுஞ்செய்தி, வானொலி, துறையிலுள்ள அறிவிப்புப் பலகை ஆகியவையும் ஒரே மூலத்திலிருந்து செய்தி பெற வேண்டும்.

2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் சென்னையைப் போர்ட் பிளேருடனும், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார் முதலிய தீவுகளுடனும் இணைக்கிறது. பாதை அமைந்துவிட்டது, அதில் செல்லும் செய்தி மெய்யாக இருத்தலே முக்கியம். கயிறு அவிழ்க்கப்பட்ட நேரத்தைத் துறையில் நிற்கும் ஊழியர் உடனே பதிவு செய்யாவிட்டால், எத்துணைத் திறமையான நிரலும் பழைய அட்டவணையையே ஒப்புவிக்கும். அவருக்கு ஒரு கைப்பேசியும் சிறு பயிற்சியும் அளிப்பதே இத்திட்டத்தின் முதற்படி. அப்படி ஒருவர் பதியும் ஒரு வரி, ஹட் பேயில் காத்திருக்கும் நோயாளிக்கு ஓர் இரவின் அலைச்சலைத் தவிர்க்கும்.